தானே திரும்பும் சுக்கான்



1995-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9-ஆம் நாள் நண்பகலில், அட்லாண்டிக் மாகடலிலுள்ள பெர்முடாத் தீவிலிருந்து ‘ராயல் மெஜஸ்டி’ என்னும் பயணிகள் கப்பல், அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்தை நோக்கிப் புறப்பட்டது. கப்பலில் இருந்தவர்கள் 1,509 பேர். துறைமுகத்தை விட்டுத் திறந்த கடலை அடைந்த பின்னர், அக்கப்பலின் சுக்கானைத் திருப்பியது மனிதனின் கையன்று. தானியங்கிச் சுக்கான் என்னும் பொறியே அதனைத் திருப்பி வந்தது. ஏறத்தாழ முப்பத்து நான்கு மணி நேரம் அப்பொறி சலிப்பின்றி உழைத்தது. மறுநாள் இரவு பத்தரை மணி அளவில், நாண்டக்கெட் தீவுக்குக் கிழக்கே பத்து மைல் தொலைவிலுள்ள ஒரு மணல் திட்டில் கப்பல் ஏறி நின்றுவிட்டது. அது செல்ல வேண்டிய வழி அவ்விடத்திலிருந்து பதினேழு மைலுக்கு அப்பால் இருந்தது. நல்வினைப் பயனாக உயிர்ச்சேதம் நேரவில்லை.

பின்னர் ஆராய்ந்தபோது காரணம் புலப்பட்டது. செயற்கைக்கோள்களைக் கொண்டு கப்பலின் இடத்தை அறியும் கருவியின் வானலை வாங்கிக்குச் செல்லும் கம்பி, கப்பல் புறப்பட்ட சற்று நேரத்திற்குள்ளாகவே இணைப்பிலிருந்து கழன்றுவிட்டது. அக்கருவி தன் வேலையை நிறுத்தவில்லை. கப்பல் பார்க்கும் திசையையும் அதன் வேகத்தையும் கொண்டு, “இப்போது இன்ன இடத்தில் இருக்கவேண்டும்” என்று கணக்கிட்டுச் சொல்லத் தொடங்கியது. அவ்வாறு மாறிவிட்டதைத் தன் முகப்பில் சிறிய எழுத்துகளால் காட்டவும் செய்தது. அதனை எவரும் கவனிக்கவில்லை. காற்றும் நீரோட்டமும் கப்பலைச் சிறிது சிறிதாகப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே வந்தன; அந்தத் தள்ளுதல் கணக்கில் சேரவே இல்லை.

இதில் தானியங்கிச் சுக்கான் செய்த பிழை யாது? ஒன்றுமில்லை. தனக்குச் சொல்லப்பட்ட செய்தியை அது முழுவதும் நம்பிற்று. நம்பியவாறே கப்பலைச் செலுத்திற்று. செய்திதான் பொய்யாயிற்று.

இந்த உண்மையை நெஞ்சில் இருத்திக்கொண்டு, தானியங்கிச் சுக்கானை எவ்வாறு அளவுத் திருத்தம் செய்வது, எவ்வாறு அதற்குச் சுருதி கூட்டுவது என்பதை இன்று காண்போம். பெரிய கப்பல்களைக் காட்டிலும், பத்து மீட்டர் நீளமுள்ள ஒரு சிறு படகை எடுத்துக்கொண்டால் செய்தி எளிதில் விளங்கும். தத்துவம் இரண்டிற்கும் ஒன்றே.

தானியங்கிச் சுக்கானுக்கு ஒரு கண்ணும், ஒரு மூளையும், ஒரு கையும் உண்டு எனலாம். படகின் முன்பகுதியாகிய அணியம் எத்திசையை நோக்கி இருக்கிறது என்பதை அறியும் மின்னணுத் திசைகாட்டியே கண். அத்திசையையும் நாம் செல்ல விரும்பும் திசையையும் ஒப்பிட்டு, சுக்கானை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று முடிவு செய்யும் சிறு கணிப்பொறியே மூளை. அம்முடிவின்படி சுக்கானைத் தள்ளும் மின்மோட்டார் அல்லது எண்ணெய் அழுத்தப் பொறியே கை. இவற்றோடு நான்காவதாக ஒன்றும் வேண்டும். நாம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் நம் கை உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்பது நமக்குத் தெரிகிறதல்லவா? அதுபோலச் சுக்கான் இந்நொடியில் எத்தனை பாகை திரும்பி நிற்கிறது என்பதை மூளைக்கு உணர்த்தும் உறுப்பு ஒன்று சுக்கானின் தண்டோடு பிணைக்கப்பட்டிருக்கும். அதனைச் சுக்கான் உணரி என்போம்.

ஒரு புதிய படகில் இவ்வளவையும் பொருத்தி மின்விசையைச் செலுத்திவிட்டால் போதுமா? போதாது. அப்பொறிக்கு அந்தப் படகைப் பற்றி ஒன்றுமே தெரியாது. படகின் சுக்கான் பெரியதா சிறியதா, அடிப்பகுதி நீண்டதா குறுகியதா, அருகில் இரும்பு உண்டா இல்லையா என்பனவெல்லாம் அதற்குச் சொல்லித் தரப்படவேண்டும். சொல்லித் தருவதற்கும் ஒரு முறை உண்டு.

கடைத்தெருவில் அரிசி அளக்கும் படி ஒன்றை எண்ணிப் பாருங்கள். அந்தப் படி சரியானதா என்பதை அந்தப் படியைக் கொண்டே அறிய இயலாது. அதனால் நூறு முறை அளந்தாலும், நூறு முறையும் ஒரே விடைதான் வரும். விடை மாறாமல் இருப்பதனால் அது சரியான விடை ஆகிவிடாது. அரசாங்க முத்திரையிட்ட வேறொரு படியைக் கொண்டுவந்து ஒப்பிட்டால்தான் உண்மை வெளிப்படும். கருவி சொல்வதை அக்கருவிக்கு வெளியே உள்ள ஒரு சான்றோடு ஒப்பிடுவதே அளவுத் திருத்தம் ஆகும். இனி நாம் காணப்போகும் ஒவ்வொரு படிநிலையிலும் அந்த வெளிச்சான்று எது என்பதைக் கவனித்து வாருங்கள்.

முதல் வேலை, படகு துறையில் கட்டப்பட்டிருக்கும்போதே நடைபெறும். அது கையைப் பற்றியது. சுக்கானைக் கையாலேயே இடப்பக்கம் முழுவதும் திருப்பி, “இதுவே இட எல்லை” என்று பொறிக்கு அறிவிக்க வேண்டும். பின்னர் வலப்பக்கம் முழுவதும் திருப்பி, “இதுவே வல எல்லை” என அறிவிக்க வேண்டும். பல படகுகளில் இவ்வெல்லை நடுவிலிருந்து ஏறத்தாழ 35 பாகையாக இருக்கும். சுக்கான் மேலும் திரும்பாதவாறு தடுக்கும் கட்டைகள் அங்கே இருக்கின்றன. பொறியின் எல்லையை அக்கட்டைகளுக்குச் சில பாகைகள் உள்ளேயே நிறுத்திவிடுதல் நலம். இல்லையேல், மோட்டார் கட்டையை முட்டிக்கொண்டு, நகராத ஒன்றை நகர்த்த முயன்று, தன்னையே வருத்திக்கொள்ளும்.

அடுத்தது, சுக்கானின் நடு நிலை. இதில் புதியவர்கள் பெரும்பாலும் ஏமாறுவர். இரண்டு எல்லைகளுக்கும் சரிபாதியில் உள்ள நிலையே நடு என்று எண்ணிவிடுவர். ஆனால் ஒற்றைச் சுழல்விசிறி உள்ள படகு, விசிறியின் சுழற்சியினாலேயே ஒரு பக்கமாகச் சற்று இழுக்கப்படும். ஆகவே படகை நேராகச் செலுத்தவேண்டுமானால், சுக்கான் ஒன்றிரண்டு பாகை மறுபக்கம் சாய்ந்தே இருக்கவேண்டும். அந்நிலையைத் துறையில் நின்றுகொண்டு அறிய இயலாது. அலையற்ற நீரில், வழக்கமான வேகத்தில் படகைக் கையால் செலுத்தி, அது நேராக ஓடும்போது சுக்கான் எங்கே நிற்கிறது என்று பார்க்கவேண்டும். அதுவே உண்மையான நடு. இங்கே வெளிச்சான்றாக நிற்பது படகு சென்ற நேர்வழியே.

துறையிலேயே கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. எந்த இணைப்பிலும் சிறிது தளர்ச்சி இருக்கும். சுக்கானைக் குறித்த பாகையில் மிக நுணுக்கமாக நிறுத்த வேண்டுமென்று பொறியை வற்புறுத்தினால், அத்தளர்ச்சியின் காரணமாகக் கை சற்றுக் கடந்துபோகும், திரும்பி வரும், மறுபடி கடந்துபோகும். படகு கட்டிய இடத்திலேயே நிற்க, மோட்டார் மட்டும் இடைவிடாது முனகிக்கொண்டிருக்கும். ஆதலின் “இவ்வளவு சிறு வேறுபாட்டைப் பொருட்படுத்தாதே” என்று ஒரு வரம்பு விதிக்கப்படுகிறது. அவ்வரம்பு மிகச் சிறிதானால் மோட்டார் ஓய்வின்றித் தேயும். மிகப் பெரிதானால் சுக்கான் சோம்பிக் கிடக்கும். முனகல் எப்போது நிற்கிறதோ, அதற்குச் சற்று மேலே வரம்பை நிறுத்துவது வழக்கம்.

கையைச் சீர்செய்தாயிற்று. இனிக் கண்ணுக்கு வருவோம். வேலை அரியது, வரலாறும் சுவையானது.

காந்தத் திசைகாட்டி உலகத்தின் காந்தப் புலத்தை உணர்ந்து வடக்கைக் காட்டுகிறது. ஆனால் அப்புலம் மிக மெல்லியது. அருகில் இரும்பு இருந்தால், திசைகாட்டி அதனையும் சேர்த்தே உணரும். மரக்கப்பல்கள் இருந்த காலத்தில் இத்தொல்லை குறைவு. கப்பல்களை இரும்பினால் கட்டத் தொடங்கியபோது திசைகாட்டியை நம்ப இயலாத நிலை வந்தது. 1838-ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் அரசவை வானியலறிஞரான ஜார்ஜ் ஏரி, ‘ரெயின்போ’ என்னும் இரும்பு நீராவிக் கப்பலில் சோதனைகள் செய்தார். கப்பலை வெவ்வேறு திசைகளில் திருப்பி நிறுத்தி, ஒவ்வொரு திசையிலும் திசைகாட்டி எவ்வளவு பிழைபடுகிறது என்று அளந்தார். பிறகு அப்பிழைக்கு எதிரான பிழையை உண்டாக்கும்படி காந்தங்களையும் இரும்புத் துண்டுகளையும் திசைகாட்டியின் அருகே அமைத்து, பிழையைப் பிழையாலேயே போக்கினார். இன்றைய மின்னணுத் திசைகாட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது. காந்தத் துண்டுகளுக்குப் பதிலாகக் கணக்கைப் பயன்படுத்துகிறது. அவ்வளவே வேறுபாடு.

அந்தக் கணக்கை ஒரு படத்தால் விளக்கலாம். அமைதியான நீரில் படகை மெல்ல ஒரு முழு வட்டம் சுற்றுவதாகக் கொள்ளுங்கள். திசைகாட்டியில் படும் காந்தப் புலத்தை, நீளவாட்டம் ஒன்று, குறுக்குவாட்டம் ஒன்று என இரு கூறுகளாகப் பிரித்து, அவற்றை வரைபடத் தாளில் புள்ளி புள்ளியாகக் குறித்துக்கொண்டு வருவோம். படகில் இரும்பே இல்லையாயின், அப்புள்ளிகள் யாவும் சேர்ந்து, தாளின் நடுப்புள்ளியை மையமாகக் கொண்ட ஒரு வட்டமாக அமையும். ஒலிபெருக்கியின் காந்தம் போன்ற நிலையான காந்தம் ஒன்று படகில் இருந்தால், வட்டம் கெடாது. ஆனால் அதன் மையம் இடம் பெயர்ந்துவிடும். தான் நிலையாகக் காந்தமாகாமல், உலகின் புலத்தைத் தன்பால் வளைக்கும் மெல்லிரும்பு இருந்தால், வட்டம் நசுங்கி நீள்வட்டமாகும். பெயர்ந்த மையத்தை நடுவுக்குக் கொண்டுவரவும், நசுங்கியதை வட்டமாக்கவும் என்ன கணக்கு வேண்டுமென்பதைப் பொறி தானே கண்டுகொள்கிறது. இதற்காகவே படகோட்டி, பொறியைக் கற்கும் நிலையில் வைத்துவிட்டு, ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகுமாறு, இரண்டு மூன்று வட்டங்கள் சுற்றி வருகிறான்.

ஏன் இவ்வளவு மெதுவாகச் சுற்ற வேண்டும்? விரைந்து திரும்பும் படகு சாயும். உலகின் காந்தப் புலம் பெரும்பாலான இடங்களில் கிடையாக இராது. நிலத்தை நோக்கிச் சரிந்திருக்கும். படகு சாய்ந்தால், செங்குத்தாக உள்ள கூறும் கணக்கில் கலந்து வட்டத்தைக் கெடுத்துவிடும். நம் நாட்டின் தென்கோடியை ஒட்டிக் காந்த நடுக்கோடு செல்வதால் இங்கே அச்சரிவு மிகவும் குறைவு; தும்பாவில் 1963-இல் ராக்கெட் ஏவுதளம் அமைத்ததற்கும் அக்கோட்டின் அண்மையே காரணம். வட அட்லாண்டிக்கிலோ சரிவு மிகுதி. அங்கே சாய்ந்த படகில் கற்ற பாடம் தவறான பாடமாகவே முடியும்.

இவ்வளவு திறமையுள்ள பொறியால் கண்டறிய முடியாத பிழை ஒன்று உண்டு. திசைகாட்டியைப் பலகையில் திருகியவர், படகின் நீளவாட்டத்திற்கு நேராக வைக்காமல் நான்கு பாகை கோணலாக வைத்துவிட்டார் என்று கொள்வோம். வரைபடத் தாளில் என்ன நிகழும்? வட்டம் நான்கு பாகை சுழலும். ஆனால் சுழன்ற வட்டமும் வட்டந்தானே! மையமும் பெயரவில்லை, வடிவமும் கெடவில்லை. பொறிக்கு எல்லாம் சரியாகவே தோன்றும். எத்தனை முறை சுற்றினாலும் அந்த நான்கு பாகைப் பிழை தன்னை வெளிக்காட்டாது.

இதனைத் தீர்ப்பதற்குக் கடற்கரையைத்தான் பார்க்க வேண்டும். கடல் வரைபடத்தில் குறிக்கப்பட்ட இரண்டு அடையாளங்களை, காட்டாக ஒரு கலங்கரை விளக்கத்தையும் அதற்குப் பின்னே உள்ள ஓர் உயர்ந்த கோபுரத்தையும், தேர்ந்துகொள்கிறோம். அவை இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் தோன்றுமாறு படகை அவற்றை நோக்கிச் செலுத்துகிறோம். அக்கோட்டின் திசை என்ன என்பதை வரைபடம் சொல்லும். உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் அவ்விடத்திலுள்ள வேறுபாட்டையும் கணக்கிட்டுக்கொண்டு, திசைகாட்டியின் எண்ணை அதனோடு ஒப்பிட்டுத் திருத்துகிறோம். செயற்கைக்கோள் கருவி காட்டும் பயணத் திசையோடு ஒப்பிடுவதும் உண்டு. ஆனால் காற்றும் நீரோட்டமும் இல்லாத வேளையில்தான் அவ்வாறு செய்யலாம். ஏனெனில் அக்கருவி படகு நகரும் திசையைக் காட்டுமேயன்றி, அணியம் பார்க்கும் திசையைக் காட்டாது.

நான்கு பாகை என்ன பெரிய பிழை என்று கேட்கலாம். மாலுமிகளுக்கு ஒரு நினைவுக் கணக்கு உண்டு: ஒரு பாகைப் பிழையோடு அறுபது மைல் சென்றால், ஏறத்தாழ ஒரு மைல் விலகியிருப்போம். அவ்வாறாயின் நான்கு பாகைப் பிழையோடு பதினைந்து மைல் சென்றாலே ஒரு மைல் விலகிவிடுவோம். இரவு நேரத்தில், பாறைகள் நிறைந்த கரையோரத்தில், ஒரு மைல் என்பது உயிருக்கும் சாவுக்கும் இடையே உள்ள தூரமாகலாம்.

கையும் கண்ணும் சீரடைந்தன. இனி மூளைக்குச் சுருதி கூட்ட வேண்டும்.

சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளும் சிறுவனைப் பார்த்திருப்பீர்கள். வண்டி இடப்பக்கம் சாய்ந்ததும் அவன் பயந்து கைப்பிடியை மிகுதியாகத் திருப்புவான். வண்டி எதிர்ப்பக்கம் பாயும். உடனே அவன் மறுபடி மிகுதியாகத் திருப்புவான். தெருவில் பாம்பு ஊர்ந்ததுபோல் ஒரு தடம் உண்டாகும். தேர்ந்தவனோ வண்டி சாயத் தொடங்கும்போதே சிறிதளவு திருப்பி, அது நிமிரத் தொடங்கியதும் கையைத் தளர்த்திவிடுவான். இருவருக்கும் உள்ள வேறுபாடு வலிமையில் இல்லை, முன்னறிவில் இருக்கிறது.

இந்த வேறுபாட்டைக் கணிதமாக்கியவர் நிக்கோலாஸ் மினார்ஸ்கி என்பவர். ருஷ்யாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய அவ்வறிஞர், தேர்ந்த மீகாமன் ஒருவன் சுக்கானை எவ்வாறு கையாள்கிறான் என்பதை ஆராய்ந்து, 1922-ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை வெளியிட்டார். நல்ல மீகாமன் மூன்றைக் கருதுகிறான் என்பது அதனால் விளங்குகிறது. கப்பல் இப்போது எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பது ஒன்று. எவ்வளவு விரைவாக விலகிக்கொண்டு அல்லது திரும்பிக்கொண்டு இருக்கிறது என்பது மற்றொன்று. நெடுநேரமாக ஒரே பக்கம் விலகியபடியே இருக்கிறதா என்பது மூன்றாவது. கல்லூரியில் கணிதம் பயில்வோர், பிழை, பிழையின் வகைக்கெழு, பிழையின் தொகையீடு என்று இவற்றை உடனே கண்டுகொள்வர். 1923-ஆம் ஆண்டில் ‘நியூ மெக்சிகோ’ என்னும் அமெரிக்கப் போர்க்கப்பலில் மினார்ஸ்கியின் பொறி சோதிக்கப்பட்டது. விரைவைக் கருதும் பகுதி சேர்க்கப்படாதபோது கப்பல் இரண்டு பாகை இப்புறமும் அப்புறமுமாக அலைந்தது. அப்பகுதியைச் சேர்த்ததும் அலைவு ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆயினும் சுக்கானைப் பொறியிடம் விட்டுவிட மாலுமிகள் அன்று உடன்படவில்லை. கடற்படை அதனை மேற்கொள்ளவில்லை. இன்றோ, தானியங்கிச் சுக்கான்கள் மட்டுமன்றி, ஆலைகளில் வெப்பத்தையும் அழுத்தத்தையும் ஆளும் எண்ணற்ற கருவிகளும் இந்த மூன்று விதிகளின்படியே இயங்குகின்றன.

இம்மூன்றுக்கும் மூன்று திருகுகள் உண்டு என்று கற்பனை செய்துகொள்ளுங்கள்.

முதல் திருகு, சுக்கான் விகிதம். ஒரு பாகை விலகலுக்கு எத்தனை பாகை சுக்கான் என்பதை அது முடிவு செய்கிறது. விகிதம் அரை என்றால், நான்கு பாகை விலகலுக்குச் சுக்கான் இரண்டு பாகை திரும்பும். விகிதம் குறைவாக இருந்தால் படகு சோம்பலாகத் திரும்பும். வழியை விட்டு அலையும். மிகுதியாக இருந்தால், கற்றுக்குட்டிச் சிறுவனைப்போல் வழியைக் கடந்து அப்பாலும், மீண்டு இப்பாலும் வளைந்து வளைந்து செல்லும். படகின் பின்னே நீரில் தோன்றும் தடத்தைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

இரண்டாம் திருகு, எதிர்ச்சுக்கான். படகு சரியான திசையை நெருங்கும்போதே, அது திரும்பும் விரைவைக் கண்டு, சுக்கானை முன்கூட்டியே எதிர்ப்பக்கம் சற்றுத் திருப்பிச் சுழற்சியைத் தணிப்பது இதன் வேலை. இது குறைந்தால் படகு இலக்கைத் தாண்டிச் செல்லும். மிகுந்தால், ஒவ்வொரு சிற்றலைக்கும் சுக்கான் திடுக்கிட்டுத் துடிக்கும்.

மூன்றாம் திருகு, சமன் திருத்தம். பாய்மரப் படகை ஒரு பக்கக் காற்று விடாமல் திருப்ப முயல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனை எதிர்க்கச் சுக்கான் எப்போதும் மூன்று பாகை சாய்ந்திருக்க வேண்டும். விகிதம் மட்டுமே உள்ள பொறி அந்த மூன்று பாகையை எவ்வாறு தரும்? விகிதம் அரையானால், ஆறு பாகை விலகல் இருந்தால்தான் சுக்கான் மூன்று பாகை திரும்பும். ஆகவே படகு ஆறு பாகை தவறான திசையிலேயே அமைதியாகச் சென்றுகொண்டிருக்கும்! அலைவும் இல்லை, துடிப்பும் இல்லை. பத்து மைலுக்கு ஒரு மைல் விலகல் மட்டும் உண்டு. நெடுநேரம் நிலைத்திருக்கும் பிழையைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கூட்டி, அதற்கேற்பச் சுக்கானைச் சாய்த்து வைப்பதே சமன் திருத்தத்தின் பணி. இதனை அவசரப்படுத்தலாகாது. விரைவாகக் கூட்டும்படி செய்தால், படகு நீண்ட வளைவுகளாக மெல்ல ஊசலாடத் தொடங்கும்.

சுருதி கூட்டும் முறை எளிது. அமைதியான நாளில், விசாலமான நீர்ப்பரப்பில், வழக்கமான வேகத்தில் செல்லவேண்டும். முதலில் விகிதத்தைக் குறைவாக வைத்து, எதிர்ச்சுக்கானை மிகக் குறைத்து, சமன் திருத்தத்தை நிறுத்திவிட வேண்டும். பின்னர்ப் பொறியிடம் நாற்பது பாகை திரும்புமாறு சொல்லிவிட்டுக் கவனிக்க வேண்டும். திரும்புதல் சோம்பலாக இருந்தால் விகிதத்தைச் சிறிது உயர்த்த வேண்டும். மறுபடி நாற்பது பாகை. படகு துடிப்பாகத் திரும்பி, இலக்கைத் தாண்டத் தொடங்கும் நிலை வந்ததும், எதிர்ச்சுக்கானைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். தாண்டுதல் ஐந்து பாகைக்கு மேற்படாமல், படகு உடனே நிலைபெறுமானால் இசை கூடிவிட்டது எனலாம். இறுதியாகவே சமன் திருத்தத்தை இயக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு திருகையே தொடவேண்டும் என்பது இதில் பொன்னான விதி. இரண்டைச் சேர்த்துத் திருப்பியவன், எதனால் நன்மை, எதனால் தீமை என்பதை அறியமாட்டான். ஆய்வுக்கூடத்தில் உங்கள் ஆசிரியர் சொல்லும் விதியும் இதுவே அல்லவா?

வேகத்தையும் மறக்கலாகாது. சுக்கானின் மேல் நீர் செலுத்தும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். ஆறு கடல் மைல் வேகத்தில் இனிதாக இருந்த விகிதம், பன்னிரண்டு கடல் மைல் வேகத்தில் மூர்க்கமாகிவிடும். ஆதலின் பல பொறிகள், வேகத்தை அறிந்து விகிதத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அங்கேயும், வேகமானி பொய் சொல்லாமல் இருக்கவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கடல் கொந்தளிக்கும்போது வேறொரு சிக்கல் எழும். ஒவ்வோர் அலையும் அணியத்தை இப்புறம் தள்ளி, அடுத்த நொடியே அப்புறம் தள்ளும். அனுபவமுள்ள மீகாமன் அவற்றைப் பொருட்படுத்தமாட்டான். அவை தாமே ஈடாகிவிடும் என்பது அவனுக்குத் தெரியும். பொறிக்கும் அந்தப் பொறுமையைக் கற்பிக்கலாம். சில பாகை விலகலைக் கண்டுகொள்ளாதே என்று வரம்பை அகலப்படுத்தலாம். அதனால் மின்கலத்தின் ஆற்றலும் மிஞ்சும். ஆனால் பின்னாலிருந்து பேரலை வந்து படகின் பிற்பகுதியைத் தூக்கிப் பக்கவாட்டில் எறிய முயலும்போது, பொறிக்கு ஒரு குறை உண்டு. மனிதன் திரும்பிப் பார்த்து, அலை வருமுன்பே சுக்கானைத் திருப்புவான். பொறியோ அணியம் திரும்பிய பின்னரே அதனை அறியும். அத்தகைய வேளையில் எவ்வளவு நன்றாகச் சுருதி கூட்டிய பொறியையும் நிறுத்திவிட்டுச் சுக்கானைக் கையிலெடுப்பதே அறிவுடைமை.

ஒருமுறை செய்த திருத்தம் என்றென்றும் நிற்கும் என்றும் எண்ணலாகாது. திசைகாட்டிக்கு அருகிலுள்ள அலமாரியில் யாரேனும் இரும்புக் கருவிகள் நிறைந்த பெட்டியை வைத்துவிடலாம். கைப்பேசியை அதன்மேல் மறந்து வைக்கலாம். அப்போது பொறி கற்ற கணக்கு முழுவதும் பொய்யாகிவிடும். அதனை அறிவிக்க மணி எதுவும் அடிக்காது. ஆகவே நல்ல படகோட்டிகள், துறையை விட்டுப் புறப்படும் ஒவ்வொரு முறையும், தெரிந்த இரண்டு அடையாளங்களை நேர்க்கோட்டில் வைத்துத் திசைகாட்டியை ஒருமுறை பார்த்துவிட்டே செல்வர். அதற்கு அரை நிமிடமும் ஆகாது.

இனி, மணல் திட்டில் நின்ற அந்தக் கப்பலுக்கு மீண்டும் செல்வோம். அக்கப்பலில் ‘லோரன்’ என்னும் வேறோர் இடமறி கருவியும் இருந்தது. அது கரையிலுள்ள நிலையங்களின் வானொலி அலைகளைக் கொண்டு இடத்தைக் கூறும். அன்று அது பழுதின்றி வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டு கருவிகளின் விடைகளையும் ஒப்பிட்டிருந்தால், அவை பல மைல்கள் வேறுபடுவது தெரிந்திருக்கும். முத்திரையிட்ட படி அதே அறையில் இருந்தது. எடுத்து அளந்து பார்ப்பவர்தாம் இல்லை. கப்பல் திட்டில் ஏறுவதற்குமுன், காவலுக்கு நின்ற மாலுமி ஒருவர், முன்னே நீர் நீலமும் வெண்மையுமாகத் தோன்றுவதாகச் சொன்னார். ஆழமற்ற நீரின் அடையாளம் அது. ஆனால் பொறியின் திரையில் கப்பல் வழி தவறாமல் சென்றுகொண்டிருந்தது. அதிகாரிகள் திரையை நம்பினார்கள்.

முப்பத்து நான்கு மணி நேரம் பொறி பிழையின்றி உழைத்ததே அவர்களுடைய விழிப்பைத் தளர்த்திவிட்டது. பொறி சீராக உழைக்கும்போதுதான் வெளிச்சான்றைத் தேடும் பழக்கம் மிகுதியாக வேண்டியிருக்கிறது. சோதனைக்குழாய், வெப்பமானி, கணிப்பொறி என்று உங்கள் கைக்கு நாளை வரவிருக்கும் எந்தக் கருவிக்கும் இது பொருந்தும். அது காட்டும் எண்ணைக் குறிப்பேட்டில் எழுதுமுன், அதற்கு வெளியே உள்ள ஏதேனும் ஒன்றோடு அதனை ஒப்பிட்டுப் பாருங்கள். அணியத்தில் நிற்பவன் “நீர் நிறம் மாறுகிறது” என்று கூவினால், திரையை விட்டு ஒருமுறை தலை நிமிர்ந்து கடலைப் பாருங்கள்.